பல் நகர்ந்த கதை

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அம்மி நகர்ந்ததா இல்லையா என்றுதான் எல்லாரும் பார்க்கிறோமே தவிர, அது கிடந்த இடத்துத் தரை என்ன கதி ஆயிற்று என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பல்வரிசையைத் திருத்தும் வைத்தியத்தின் சரித்திரத்தைப் படிக்கும்போது எனக்கு இந்தத் தரையின் ஞாபகந்தான் அடிக்கடி வந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களாக மனிதர்கள் கோணல் பல்லை நேராக்க முயன்றிருக்கிறார்கள். விரலால் தள்ளினார்கள், நூலால் கட்டினார்கள், திருகாணியால் நெருக்கினார்கள், தங்கக் கம்பியால் இழுத்தார்கள். பல்லும் நகர்ந்தது. ஆனால் ஈறுக்குள் மறைந்து கிடக்கும் வேருக்கும், அதைத் தாங்கி நிற்கும் எலும்புக்கும் அப்போது என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில்தான் சரியான விடை கிடைக்கத் தொடங்கியது. அது கிடைத்த விதம் ஒரு நல்ல துப்பறியும் கதைக்குக் குறைந்ததல்ல. உண்மையிலேயே ஒரு துப்பறியும் நாவலாசிரியர் இந்தக் கதையில் வருகிறார். அவரைப் பிறகு சந்திப்போம்.

முதலில் ரோமாபுரிக்குப் போக வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் அங்கே செல்ஸஸ் என்பவர் ஒரு வைத்திய நூல் எழுதினார். பால் பல் விழுவதற்கு முன்பே நிலையான பல் முளைத்துவிட்டால் என்ன செய்வது? பால் பல்லைப் பிடுங்கிவிட்டு, புதிய பல்லைத் தினந்தோறும் விரலால் அதன் இடத்தை நோக்கித் தள்ளி வரவேண்டும் என்கிறார் அவர். கருவி இல்லை, செலவு இல்லை. தினமும் கொஞ்சம், அவ்வளவுதான். பின்னால் வந்த கெட்டிக்காரர்கள் பலரிடம் இந்த நிதானம் இல்லாமற் போயிற்று.

பாரிஸ் நகரத்துப் பியேர் ஃபோஷார் அப்படிப்பட்ட கெட்டிக்காரர். 1728-இல் அவர் வெளியிட்ட புத்தகம் பல் வைத்தியத்தையே ஒரு தனிச் சாஸ்திரமாக்கியது. குதிரை லாடம் போல வளைந்த ஓர் உலோகப் பட்டையில் துளைகள் இட்டு, அதை வாய்க்குள் வைத்து, கோணல் பற்களை நூலால் அதனோடு இழுத்துக் கட்டினார். மெதுவாக வராத பல்லை, பிடுங்குவதற்கென்று வைத்திருந்த இடுக்கியாலேயே ஒரு திருப்புத் திருப்பி நேராக்கிக் கட்டிவிடுவதும் உண்டு. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நான் மேலே வர்ணிக்கப் போவதில்லை.

இவர்கள் யாருக்கும் பல் எதனால் நகர்கிறது என்று தெரியாது. எலும்பு என்றால் கல்லைப் போன்ற ஜடப்பொருள் என்றுதான் உலகம் நினைத்திருந்தது. அந்த நினைப்பை அசைத்தது ஒரு விருந்துச் சாப்பாடு. லண்டனில் ஜான் பெல்ஷியர் என்ற சர்ஜன், துணிக்கு அச்சிடும் ஒருவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். பரிமாறிய பன்றி இறைச்சியின் எலும்பு சிவப்பாக இருந்தது. விசாரித்ததில், சாயத்துணியைச் சுத்தம் செய்யப் பயன்பட்ட தவிட்டை அந்தப் பன்றிகள் தின்று வளர்ந்தவை என்று தெரிந்தது. அந்தச் சிவப்புச் சாயம் ஒரு செடியின் வேரிலிருந்து எடுப்பது. நம் நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி என்று கேட்டால் தருகிறார்களே, அதன் இனத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். 1736-இல் பெல்ஷியர் இதை எழுதி வெளியிட்டார். பிறகு பிரான்ஸில் டுஹாமெலும் லண்டனில் ஜான் ஹன்ட்டரும் பிராணிகளுக்கு இந்த வேரை வேண்டுமென்றே ஊட்டிப் பார்த்தார்கள். ஊட்டிய நாட்களில் புதிதாக உண்டான எலும்பு மட்டும் சிவந்தது. நிறுத்தியபின் உண்டானது வெள்ளையாக இருந்தது. ஆகவே எலும்பு ஒரு பக்கம் கட்டப்பட்டுக்கொண்டும் இன்னொரு பக்கம் கரைந்துகொண்டும் இருக்கும் உயிருள்ள பொருள் என்று புலப்பட்டது. சேவலின் கொண்டையில் மனிதப் பல்லை நட்டு, அது ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்த விசித்திர மனிதர் இந்த ஹன்ட்டர். பல்லைப் பற்றி அவர் 1771-இல் வெளியிட்ட நூல் வெகுகாலம் ஆதார நூலாக விளங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா இந்தத் துறையைக் கைப்பற்றியது. நியூயார்க் டாக்டர் ஃபாரர் திருகாணியை வாய்க்குள் கொண்டுவந்தார். அவர் வகுத்த கணக்கு வேடிக்கையானது: காலையில் ஓர் அங்குலத்தில் 240-இல் ஒரு பங்கு, மாலையில் அதே அளவு, அதற்குமேல் திருகக் கூடாது. பல்லுக்கும் ஓய்வு வேண்டும் என்று கண்டவர் அவர். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பல் நகரும்போது உள்ளே எலும்பு வளைகிறதா, நசுங்குகிறதா, கரைகிறதா என்பதில் ஆளுக்கொரு கட்சியாக இருந்தார்கள். யாரும் உள்ளே பார்க்கவில்லை.

உள்ளே பார்த்தவர் ஸ்வீடன் தேசத்துக் கார்ல் ஸான்ட்ஸ்டெட். நாய்களின் மேல்தாடை முன்பற்களில் கம்பி மாட்டி, சுமார் மூன்று வாரத்தில் மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினார். பிறகு அந்தத் தாடையைக் காகிதம்போல் மெல்லிய சீவல்களாக அறுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். 1904-லும் 1905-லும் அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. நாயை வாயில்லா ஜீவன் என்கிறோம்; அந்த நாய்களுக்கு வாய் இருந்ததுதான் துரதிர்ஷ்டம். ஆனால் அவற்றின் தயவால் மனிதகுலம் முதன்முதலாக அந்த இருட்டறைக்குள் எட்டிப் பார்த்தது.

அங்கே அவர் கண்டது என்ன என்று சொல்வதற்கு முன், பல் எப்படி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரில் ஆணி அடித்தாற்போல எலும்பில் பல் இறுகி நிற்பதாக நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதை ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள் நிறைத்திருக்கின்றன. ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் பதிந்த அந்த நார்களில், தூளியில் கிடக்கும் குழந்தையைப் போல் பல் தொங்கிக்கொண்டிருக்கிறது. நார்களுக்கிடையே இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. பல்லை ஒரு பக்கமாகத் தள்ளினால், அந்தப் பக்கத்து நார்ப்படலம் நசுங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடுகின்றன.

நார்கள் இழுபட்ட பக்கத்தில் புதிய எலும்பு வரிசை வரிசையாகப் படிந்திருந்ததை ஸான்ட்ஸ்டெட் கண்டார். நசுங்கிய பக்கத்திலோ, எலும்பைக் கரைத்துத் தின்னும் பெரிய ஜீவ அணுக்கள் கூடியிருந்தன. இவற்றுக்கு 1873-லேயே கோலிக்கர் என்ற ஜெர்மன் மொழி விஞ்ஞானி ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர் சூட்டியிருந்தார். ஆகப் பல்லை நகர்த்துவது நாம் கொடுக்கும் பலம் அல்ல. அந்தப் பலத்தைச் செய்தியாக ஏற்றுக்கொண்டு, முன்னால் இருக்கும் எலும்பைத் தின்று வழிவிட்டு, பின்னால் புதிய எலும்பை எழுப்புகிற ஜீவ அணுக்களே நகர்த்துகின்றன. கம்பி வெறும் ஏவலாள். வேலை செய்வது உடம்பு.

ஸான்ட்ஸ்டெட் இன்னொன்றும் கண்டார். அதுதான் இந்தக் கதையின் திருப்பம். பலம் அதிகமானபோது நசுங்கிய பக்கத்து இரத்தக் குழாய்கள் அடைபட்டு, அங்கிருந்த நார்ப்படலம் செத்துப் போயிருந்தது. பூதக்கண்ணாடியில் அது கண்ணாடிபோல வழவழப்பாகத் தெரிந்தது. செத்த இடத்தில் தின்னும் அணுக்கள் பிறக்க வழியில்லை. அதனால் அவை எலும்பின் பின்புறத்திலிருந்து, கோட்டை மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் படைவீரர்களைப்போல, குடைந்துகொண்டு வந்தன. சுரங்கம் முடியும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம், பல் அசைவதில்லை. பிறகு திடீரென்று விட்டுக் கொடுக்கிறது. வேகமாக நகர்த்த வேண்டும் என்று அதிகமாக நெருக்கியவர், தம்முடைய அவசரத்தாலேயே தாமதத்தை வரவழைத்துக் கொண்டார்.

இவ்வளவு பெரிய உண்மையை உலகம் உடனே கொண்டாடியிருக்கும் என்று எண்ணுவீர்கள். இல்லை. 1911-இல் வியன்னா நகரத்து ஆல்பின் ஆப்பன்ஹைம் குரங்குகளை வைத்துப் பரிசோதனை செய்து வேறு மாதிரிச் சொன்னார். எலும்பு ஒரு பக்கம் தின்னப்பட்டு மறுபக்கம் கட்டப்படுவது மட்டுமல்ல, பல்லைச் சுற்றியுள்ள எலும்பு முழுவதுமே உருமாறித் தன்னைப் புதிய நிலைக்கேற்ப அமைத்துக்கொள்கிறது என்றார். மெல்லிய பலந்தான் நல்லது என்றும் வற்புறுத்தினார். அதில் அவர் சொன்னது சரியே. ஆனால் அவருடைய முதற்பாதியைத்தான் அமெரிக்காவில் ஒருவர் இரண்டு கைகளாலும் வாரி அணைத்துக்கொண்டார்.

அவர் எட்வர்ட் ஆங்கிள். இந்தத் துறையின் பிரம்மா என்றே அவரைச் சொல்லலாம். பற்களின் கோணலை மூன்று வகுப்பாகப் பிரித்தவர் அவர்; 1900-இல் ஸெயின்ட் லூயி நகரில் இதற்கென்றே முதல் பள்ளிக்கூடம் நடத்தியவர் அவர்; ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகளை உண்டாக்கிக் கடைசியாக 1928-இல் வெளியிட்ட கருவியின் வழித்தோன்றல்கள்தாம் இன்றும் பிள்ளைகளின் பல்லில் மின்னுகின்றன. சித்திரக்காரரைக் கூட்டி வந்து மாணவர்களுக்கு முக அழகைப் பற்றிப் பாடம் சொல்ல வைத்த ரசிகர். அதே சமயம் மகா பிடிவாதக்காரர். இயற்கை தந்த பற்களில் ஒன்றைக்கூடப் பிடுங்கக் கூடாது என்பது அவருடைய சித்தாந்தம். இடம் போதவில்லையா? பல்வரிசையை அகலமாக்கு, பற்கள் சரியாகக் கடித்து வேலை செய்யத் தொடங்கினால் அவற்றைத் தாங்க எலும்பு தானே வளரும் என்றார். எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கேற்ப அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானியரான யூலியஸ் வோல்ஃப் 1892-இல் வெளியிட்ட விதியும், ஆப்பன்ஹைமின் குரங்குகளும் அவர் பக்கத்துச் சாக்ஷிகளாயின.

கால்வின் கேஸ் என்ற டாக்டர் 1911-இல் இதை எதிர்த்துப் பேசினார். சிலருடைய தாடையில் அத்தனை பல்லுக்கும் இடம் இருக்காது, பிடுங்கத்தான் வேண்டும் என்றார். ஆங்கிளின் சீடர்கள் அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார்கள். ஆனால் எலும்பு யாருடைய சீடனும் அல்லவே! ஆங்கிளின் கடைசிக் காலத்துப் பிரியமான மாணவர் சார்ல்ஸ் ட்வீட். ஆங்கிள் 1930-இல் காலமான பிறகும் அரிஸோனாவில் குருவின் வழியிலேயே வைத்தியம் செய்து வந்தார். வருஷங்கள் போகப் போக, தாம் திருத்திய பல்வரிசைகளைத் திரும்பப் பார்த்தார். பல பற்கள் பழைய கோணலுக்கே திரும்பியிருந்தன. சில முகங்களில் பற்கள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. எலும்பு வளர்ந்து வந்து தாங்கவில்லை. தாடை எலும்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு வெளியே பல்லைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது தன் காலடி மண்ணைத்தான் இழக்கிறது. ட்வீட் அந்த நோயாளிகளைத் திரும்ப அழைத்து, கடைவாய்க்கு முன் உள்ள சிறு பற்கள் நான்கைப் பிடுங்கி, மறுபடியும் சிகிச்சை செய்தார். 1940-இல் அந்த உதாரணங்களைச் சகவைத்தியர்கள் முன்பு காட்டினார். குருத்துரோகி என்ற பெயர் கிடைத்தது. பின்னால் அந்த வைத்தியர்களே அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள்.

எலும்பின் கதை இப்படிப் போக, வேரின் கதைக்கு வருவோம். பால் பல் விழுந்தால் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிவது நம் வழக்கம். எறிவதற்கு முன் யாராவது அதைத் திருப்பிப் பார்த்ததுண்டா? பல்லின் தலை மட்டுந்தான் இருக்கும், வேர் இருக்காது. எலும்பைத் தின்கிற அணுக்களின் இனத்தைச் சேர்ந்தவையே அந்த வேரையும் தின்று தீர்த்து, புதிய பல்லுக்கு வழிவிடுகின்றன. அது இயற்கை. நிலையான பல்லின் வேருக்கும் அந்தக் கதி நேரக்கூடும் என்று 1856-இல் பேட்ஸ் என்பவர் எழுதினார். பிடுங்கிப் பார்த்தாலொழியத் தெரியாத விஷயம் என்பதால் அதோடு நின்றது.

பிறகு 1895-இல் ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியில் வால்க்ஹாஃப் தம் வாயில் கண்ணாடித் தகட்டை வைத்துக்கொண்டு, 25 நிமிஷம் அசையாமல் இருந்து பல்லைப் படம் எடுத்துவிட்டார். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் டாக்டர் எட்மண்ட் கெல்ஸ் அதைத் தினசரி வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். அந்தக் கதிர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. முதலில் விரல்கள் போயின, பிறகு கை போயிற்று, பிறகு புஜம் போயிற்று. வேதனை தாங்க மாட்டாமல் 1928-இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வேரை உயிருள்ள மனிதரின் வாயில் வைத்தே பார்க்க முடிகிறது என்றால், அதற்கு இப்படி விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி நாவலாசிரியர். நியூயார்க்கில் ராட்ரிக்ஸ் ஆட்டலெங்கி என்ற பல் வைத்தியர் இருந்தார். 1892-இல் அவர் எழுதிய துப்பறியும் நாவல் பெயர் வாங்கியது. அதைத் தொடர்ந்து மேலும் சில எழுதினார். அந்துப்பூச்சிகளைச் சேகரித்து அவற்றைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளியிட்டார். பல் வைத்தியப் பத்திரிகை ஒன்றுக்கு நெடுங்காலம் ஆசிரியராகவும் இருந்தார். (பல் வைத்தியர் நாவல் எழுதுவது எனக்குச் சம்மதமே. நாவலாசிரியர் பல் பிடுங்கப் புறப்பட்டால்தான் ஆபத்து.) 1914-இல் இவர்தாம், பல்லைத் திருத்தும் சிகிச்சைக்கும் வேர் தேய்வதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு என்று எழுதினார். சந்தேகம் விழவேண்டியவர்மேல் சந்தேகம் விழுந்தது. ஆனால் ருசு வேண்டுமே!

ருசுவைத் தேடிக் கொடுத்தவர் குற்றம் சாட்டப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவரே. டென்வர் நகரத்து ஆல்பர்ட் கெட்சம் இந்தத் துறையின் முன்னணி வைத்தியர்களில் ஒருவர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து ஒப்பிட்டு, 1927-லும் 1929-லும் முடிவுகளை வெளியிட்டார். சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேர்நுனி தேய்ந்திருந்தது. சிகிச்சை பெறாதவர்களிடம் அது மிக அரிதாகவே தென்பட்டது. யோசித்துப் பாருங்கள். அழகுக்காகக் குழந்தையை அழைத்து வருகிறார்கள். இரண்டு மூன்று வருஷம் கம்பி கட்டி, பற்கள் முத்துக் கோத்தாற்போல் ஆகிவிட்டன. தாய் சந்தோஷமாக அழைத்துப் போகிறாள். ஈறுக்குள்ளே வேர் பாதியாகக் குறுகியிருக்கிறது! இதை வெளியே சொல்லாதிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கெட்சம் சொன்னார். அதே 1929-இல், தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் சான்றிதழ் தரும் சபை ஒன்றை அந்தத் துறையினர் அமைத்தபோது அவரையே முதல் தலைவராக்கினார்கள். அந்த வைத்தியர்களை நான் மதிப்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்து வந்த வருஷங்களில் பழியைச் சுமத்த ஆள் தேடினார்கள். தைராய்டு சுரப்பி என்றார்கள், உணவில் சத்துக்குறைவு என்றார்கள். ஆராய ஆராயக் கணக்கும் மாறிக்கொண்டே போயிற்று. 1951-இல் ஹென்றியும் வைன்மனும் சிகிச்சையே செய்யாத பற்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, பத்துக்கு ஒன்பது பற்களின் வேரில் சிறு குழிகள் இருந்தன! அவற்றில் பெரும்பாலானவை தாமே ஆறிப் போயிருந்தன. அதாவது, வேர் அரிக்கப்படுவதும் ஆறுவதும் எல்லார் வாயிலும் ஓயாமல் நடக்கும் சங்கதி. எக்ஸ்ரே காட்டுவது, ஆறாமல் எஞ்சி நின்ற பெரிய சேதத்தை மட்டுமே.

அப்படியானால் கம்பி கட்டும்போது ஏன் சேதம் மிகுகிறது? வேரைச் சுற்றி சிமெண்டம் என்ற மெல்லிய போர்வை இருக்கிறது. அதில் இரத்தக் குழாய் கிடையாது. அதன் மேற்புறத்தில் இன்னும் இறுகாத ஒரு பூச்சு இருக்கிறது. தின்னும் அணுக்களுக்கு எலும்பு ருசிக்கிறது. இந்தப் பூச்சு ருசிப்பதில்லை. இந்த ஒரு பேதம் இல்லாவிட்டால் பல்லை நகர்த்தும் வைத்தியமே உலகத்தில் இருக்க முடியாது. எலும்போடு வேரும் கரைந்திருக்கும். ஆனால் பலம் மிகுந்து நார்ப்படலம் செத்துவிட்டால், அந்தப் பிணத்தை அப்புறப்படுத்த அணுக்கள் வருகின்றன. அப்புறப்படுத்தும் சந்தடியில் வேரின் பூச்சையும் சுரண்டிவிடுகின்றன. பூச்சு போன இடத்தில் உள்ளே புகுந்து குடைகின்றன. ஸான்ட்ஸ்டெட் கண்ட அந்தக் கண்ணாடிப் படலமும் கெட்சம் கண்ட குறுகிய வேரும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள் என்பதை 1970-க்குப் பின் நார்வே தேசத்துப் பெர் ரிக் முதலியவர்கள் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் கொண்டு தெளிவாக்கினார்கள்.

பலம் எவ்வளவு என்பதுதான் அப்புறம் கேள்வி. வியன்னாவில் ஷ்வார்ட்ஸ் 1932-லேயே ஓர் அளவு சொல்லியிருந்தார்: வேரின் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம். பழைய வெள்ளி ரூபாய் இரண்டை நிறுத்தால் அந்த எடைதான். மிக நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் ஓடும் இரத்தத்தின் அழுத்தத்துக்கு அது சமம். அதைத் தாண்டினால் குழாய் அடைபடும் என்பது அவர் நியாயம். 1952-இல் மெல்போர்ன் நகரத்து ஸ்டோரியும் ஸ்மித்தும் கோரைப்பல்லைப் பின்னால் இழுத்துப் பார்த்தார்கள். கடைவாய்ப் பல்தான் கட்டுத்தறி. மிதமாக இழுத்தபோது கோரைப்பல் வந்தது. பலத்தைக் கூட்டினார்கள், கோரைப்பல் நின்றுவிட்டது, கட்டுத்தறி முன்னால் நகரத் தொடங்கியது! மாட்டை இழுத்தால் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வந்த கதைதான். அதே சமயத்தில் ஆஸ்லோவில் ரைட்டன், எப்படியும் பிடுங்க வேண்டியிருந்த பிள்ளைகளின் பற்களில் அளந்து பலம் கொடுத்து, பிறகு பிடுங்கி ஆராய்ந்தார். மனிதப் பல்லிலும் நாய்க்கு நேர்ந்ததே நேர்ந்தது. எவ்வளவு மென்மையாகத் தள்ளினாலும் முதலில் கொஞ்சமாவது அந்தக் கண்ணாடிப் படலம் உண்டாகாமல் இருப்பது அபூர்வம் என்பதையும் அவர் காட்டினார்.

ஆகவே சேதமே இல்லாத சிகிச்சை கிடையாது. பெரும்பாலோருக்கு வேர் சராசரி ஒரு மில்லிமீட்டர் அளவில் குறுகுவதோடு சரி. அதனால் பல்லுக்கு ஆயுள் குறைவதில்லை. நூற்றில் சிலருக்குத்தான் வேரின் கால்பங்கோ அதற்கு மேலோ போய்விடுகிறது. மேல்தாடை முன்பற்கள் இதில் முதல் பலி. சிகிச்சை நீளநீள, வேர்நுனி பயணம் செய்யும் தூரம் கூடக்கூட, பல்லை எலும்புக்குள் அழுத்த அழுத்த, அபாயம் கூடுகிறது. ஒரே பலத்துக்கு ஒருவர் வேர் கரைவதும் இன்னொருவர் வேர் கல்லாக நிற்பதும் ஏன் என்பதற்குப் பிறவியிலேயே காரணம் இருக்கிறது. அழற்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவுக்கும் இந்தத் தேய்வுக்கும் தொடர்பு உண்டு என்று 2003-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். குழிகள் ஆறும், ஆனால் தேய்ந்துபோன நுனி மீண்டும் வளராது. கம்பியை எடுத்ததும் தேய்வு நின்றுவிடுவது ஒன்றுதான் ஆறுதல்.

இன்றைக்குக் கவனமுள்ள வைத்தியர் என்ன செய்கிறார் என்றால், சிகிச்சை தொடங்கிய ஆறு மாதத்தில் முன்பற்களை மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார். வேர்நுனி மழுங்கியிருந்தால், 1994-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் காட்டிய வழிப்படி, இரண்டு மூன்று மாதம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கிறார். கம்பி வாயிலேயே இருக்கும், ஆனால் இழுக்காது. பெற்றோர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. பணத்தைக் கட்டிவிட்டு, விழாவுக்கும் கல்யாணத்துக்கும் நாள் எண்ணிக்கொண்டு, பல் ஒரு நூலளவும் நகரவில்லையே என்று கேட்கிறார்கள். பல் நகரவில்லைதான். அந்த மாதங்களில் உள்ளே, அணுக்கள் தின்றுவிட்டுப் போன குழிகளில் புதிய சிமெண்டம் படிந்துகொண்டிருக்கிறது.